எலிக்காய்ச்சலும் நாம் மறைக்கும் விஷயமும்

(தோட்டச் சுகாதாரத் தொண்டர்களுக்கும், தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகியிருக்கும் நமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் பிள்ளைகள் நிலையத்தில் நடத்தப்பட்ட ஒருநாள் வகுப்பில், நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



தாதியர் பயிற்சிக்குப் போகப்போற மூன்று பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறாங்க. நம்ம லயத்துப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பு போடப்போறாங்க என்கிறது நமக்கெல்லாம் பெருமை. ஆனா இவங்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுக்கிற தகுதி எனக்குக் கிடையாது. நான் சாதாரண தரம் வரைக்கும் படிச்சவன். இங்கே சொல்லப்போறது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எங்களுக்கு நடத்திய வகுப்புகளில் கேட்டதும், நம்ம டிவிசனில் கண்ணால் பார்த்ததும்தான். நான் செய்த ஒரு தப்பும் அதில் இருக்கு. அதையும் சொல்லத்தான் வந்தேன்.

சிங்களத்தில் இந்த நோய்க்கு "மீ உண" என்று பேர். "மீ" என்றால் எலி. நாம் எலிக்காய்ச்சல் என்கிறோம். பயிற்சிக் கல்லூரியில் லெப்டோஸ்பைரோசிஸ் என்று படிப்பீங்க. பேரில் எலி இருக்கிறதால எலி கடிச்சாத்தான் வரும் என்று நம்ம ஆட்கள் நினைக்கிறாங்க. "எங்க வீட்டுல எலியே இல்ல சார், எப்படி வரும்?" என்று ஒரு அக்கா என்னிடமே கேட்டாங்க. இது எலி கடிச்சு வர்ற நோய் இல்லை. எலியின் மூத்திரத்தால் வர்ற நோய். அதுவும் எலி மட்டும் இல்லை. மாடு, எருமை, பன்றி, நாய் எல்லாவற்றின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி வரலாம். எலி மோசமானது ஏன் என்றால், கிருமி அதன் சிறுநீரகத்தில் குடியிருந்தாலும் எலிக்கு ஒரு நோயும் காட்டாது. அது பாட்டுக்கு ஓடித்திரிஞ்சு போகிற இடமெல்லாம் விதைச்சிட்டுப் போகும்.

கிருமி என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்டீரியா. மெல்லிசா முறுக்கின நூல் மாதிரி, நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். இதைக் கண்டுபிடிச்ச கதை நமக்குப் பொருத்தமானது. 1886-ல் அடோல்ஃப் வைல் என்ற ஜெர்மன் வைத்தியர், காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வர்ற ஒரு நோயைப் பற்றி எழுதினார். காரணம் அவருக்குத் தெரியாது. முப்பது வருசம் கழிச்சு, ஜப்பானில் கியூஷு தீவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மத்தியில் அந்த நோய் பரவினப்போ, இனாடா, இடோ என்ற இரண்டு ஜப்பானிய வைத்தியர்கள் கிருமியைக் கண்டுபிடிச்சாங்க. சுரங்கத்துக்குள்ளே தண்ணி, எலி, வெறுங்கால், கீறல் விழுந்த தோல். யாருக்கு இந்த நோய் வரும் என்று அப்பவே தெரிஞ்சு போச்சு. தண்ணியிலும் சேற்றிலும் நின்னு பிழைக்கிறவனுக்குத்தான் வரும்.

இலங்கையில் இது முக்கியமா வயல்காரர்களைப் பிடிக்கிற நோய். நம்ம மாவட்டத்தில் மாணிக்கக் குழிக்காரர்களையும் பிடிக்கும். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை, காலி, மாத்தறை என்று மழை அதிகமான ஈரப்பக்க மாவட்டங்களில் வருசா வருசம் காணப்படுது. 2008-ஆம் ஆண்டு நாடு முழுவதும் 7000-க்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் என்று பதிவாச்சு. 200 பேர் அளவில் இறந்தாங்க. தேயிலைக்காரங்களுக்கு இதில் என்ன என்று கேட்கிறீங்களா? மழைக்காலத்தில் கான் வெட்டுறது யார்? மாட்டுப்பட்டி கழுவுறது யார்? தோட்டத்தில் வேலை குறைஞ்சா நாட்டுப்பக்கம் வயலுக்கும் குழிக்கும் கைக்காசுக்குப் போறது யார்? நாமதான்.

கிருமி உடம்புக்குள்ளே போற வழியைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்றேன், அதுதான் பாதுகாப்புக்கு அடிப்படை. தண்ணியிலோ சேற்றிலோ கலந்த மூத்திரம் நம்ம தோலில் உள்ள வெட்டுக்காயம், கீறல், பித்தவெடிப்பு, சேற்றுப்புண் வழியா உள்ளே போகும். அட்டை கடிச்ச வாயும் திறந்த வாசல்தான். நல்ல தோலானாலும் மணிக்கணக்கா தண்ணியில் ஊறி வெளுத்து மெதுவாகிட்டா பலவீனமாகிடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். அழுக்குத் தண்ணி தெறிச்ச கையால் கண்ணைக் கசக்கிறது, வெற்றிலை போடுறது எல்லாம் அப்படித்தான். கிருமி ஈரமான மண்ணிலும் தேங்கின தண்ணியிலும் வாரக்கணக்கில் உயிரோட இருக்கும். ஆனா காய்ஞ்சா செத்துப்போகும், தண்ணி கொதிச்சா செத்துப்போகும், குளோரின் போட்டாலும் செத்துப்போகும். வெயில் காலத்தில் நோய் குறைஞ்சு, மழையோடு கூடுறதன் காரணம் இதுதான். ஒரு மனுசனிடமிருந்து இன்னொரு மனுசனுக்குத் தொத்துறது மிக அபூர்வம். காய்ச்சல்காரரைத் தனியா ஒதுக்கி வைக்கத் தேவையில்லை, பாத்திரத்தைப் பிரிக்கத் தேவையில்லை.

இப்ப நம்ம டிவிசனில் நடந்த கதைக்கு வர்றேன். சம்பந்தப்பட்டவர் இன்றைக்கு இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார். அவரையும் அவர் வீட்டு அக்காவையும் கேட்டு, அவங்க சம்மதிச்ச பிறகுதான் சொல்றேன். பேர் வேண்டாம்.

அது ஐப்பசி மழைக்காலம். தோட்டத்தில் வேலை நாள் குறைவு. அண்ணன் "அம்மாவுக்குச் சுகமில்லை, பெல்மதுளைப் பக்கம் போய் வர்றேன்" என்று சொல்லிட்டு ஐந்து நாள் வேலைக்கு வரவில்லை. உண்மையில் அவர் போனது ஒரு மாணிக்கக் குழிக்கு. மழையில் நிரம்பின குழி. தண்ணி இறைச்சு, சேறு அள்ளி, இடுப்பளவு தண்ணியில் நின்னு கல்லுமண் கழுவுற வேலை. காலில் பூட்ஸ் இல்லை. முழங்காலில் ஒரு பழைய காயம். ஐந்து நாள் முடிஞ்சது, காசும் கிடைச்சது, தோட்டத்தில் வந்து பேர் போட்டார். ஒரு கோளாறும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் திடீரென்று காய்ச்சல். இந்த ஒன்பது நாளை ஞாபகம் வைங்க. கிருமி உள்ளே போய் காய்ச்சல் வர்றதுக்குப் பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரைக்கும் எடுக்கும். சிலவேளை ஒரு மாதம் கூட ஆகும். அதனாலதான் குழியில் நின்னதையும் காய்ச்சலையும் யாரும் முடிச்சுப் போடுறதில்லை. அதெல்லாம் போன கிழமைக் கதை என்று விட்டுடுவோம்.

உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. அதிலும் கெண்டைக்கால் சதையைத் தொட விடவில்லை. தலைவலி, வாந்தி. இரண்டு கண்ணும் சிவந்து கிடந்தது. கண்நோய் மாதிரி பீளை இல்லை, வெறும் சிவப்பு. என்னிடம் வந்தப்போ, "மழையில நனைஞ்சிருப்பீங்க, இரண்டு பனடோல் போட்டுப் படுங்க" என்று சொன்னேன். டிஸ்பென்சரியிலும் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பினாங்க. நம்ம பக்கம் அப்போ டெங்கு இருந்ததால மூன்றாம் நாள் இரத்தம் பார்க்கச் சொன்னாங்க. நான்காம் நாள் நடக்க முடியவில்லை. ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணனுக்கும் அக்காவுக்கும் சிங்களம் சரியா வராது என்று நானும் கூடப் போனேன்.

டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: "இவர் வயலில் வேலை செய்தாரா? குழியில் இறங்கினாரா? தேங்கின தண்ணியில் நின்னாரா?" நான் தமிழில் கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாங்க. அண்ணன் "இல்ல" என்றார். குழிக்குப் போன விசயம் எனக்குத் தெரியும். தேத்தண்ணிக் கடையில் ஏற்கெனவே என் காதில் விழுந்திருந்தது. அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லிட்டுக் குழிக்குப் போனது வெளியே வந்தா வேலைக்கு ஆபத்து என்று அவர் பயந்தார். அவரைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி ஆகிடுமே என்று எனக்குச் சங்கடம். நானும் சிங்களத்தில் "இல்லை" என்றே சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். பதிலைத்தான் நாங்கள் பொய்யாகக் கொடுத்தோம்.

அன்றிரவு வார்டில் ஒரு தாதி, வயசுப் பிள்ளை, சிங்களப் பிள்ளைதான். கண்ணைப் பார்த்திருக்கிறாங்க, கெண்டைக்காலை அழுத்திப் பார்த்திருக்கிறாங்க. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, தெரிஞ்ச கொஞ்சத் தமிழில், "அம்மா, தண்ணி, சேறு, வேலை?" என்று கேட்டிருக்கிறாங்க. அக்கா அழுதுகொண்டே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தாதி உடனே டொக்டரிடம் போய்ச் சொல்லி, அன்றிரவே ஊசி மருந்து ஆரம்பிச்சாங்க.

அதுக்குள்ளே கண் மஞ்சளாகி இருந்தது. சிறுநீர் குறைஞ்சு, மறுநாள் நின்றே போச்சு. பெரியாஸ்பத்திரிக்கு மாற்றி, மெசினில் இரத்தம் சுத்தம் செய்தாங்க. மூன்று தடவை. பிழைச்சுக்கொண்டார். திரும்பவும் மலைக்கு வேலைக்கு வர நான்கு மாதம் ஆச்சு. அந்தக் குழியில் அவரோடு நின்ற பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவருக்கும் காய்ச்சல் வந்தது. மஞ்சள் காமாலை என்று நினைச்சு வீட்டிலேயே ஆறு நாள் பச்சிலை அரைச்சுக் குடிச்சிருக்கிறார். ஏழாம் நாள் இரத்தமா இருமினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

தாதியாகப் போற பிள்ளைகளே, அந்தச் சிங்களப் பிள்ளை செய்ததை ஞாபகம் வைங்க. இந்த நோயை முதல் நாளில் அடையாளம் காண்கிறது கஷ்டம். டெங்கு மாதிரியே இருக்கும், சாதாரணக் காய்ச்சல் மாதிரியும் இருக்கும். இரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்புச் சக்தியைத் தேடுற பரிசோதனை இரண்டாம் வாரத்தில்தான் நல்லாக் காட்டும். முதல் வாரத்தில் "இல்லை" என்று வந்தா நோய் இல்லை என்று அர்த்தமாகாது. அதனால டொக்டர்மார் முடிவுக்குக் காத்திருக்காம, நோய்க்குறியையும் நோயாளி எங்கே வேலை செய்தார் என்பதையும் வைச்சுத்தான் மருந்து ஆரம்பிப்பாங்க. பென்சிலின், டொக்சிசைக்கிளின் மாதிரி பழகின மருந்துகளே இதுக்குக் கேட்கும். சீக்கிரம் கொடுக்கணும், அவ்வளவுதான். அப்படியானா மருந்தைத் தொடக்குற திறப்பு அந்த ஒரு பதிலில் இருக்கு. புருசன் முன்னால் சொல்லாததை மனைவி தனியாச் சொல்லுவாங்க. தோட்டத்து ஆள் கூட இருந்தா நோயாளி வாயே திறக்க மாட்டார். என்னை மாதிரி ஒருத்தன் மொழிபெயர்க்க நின்னா, அவனை வெளியே அனுப்பிட்டு இன்னொரு தடவை கேளுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

இன்னொன்று, சிறுநீரை அளக்கிறது. வார்டில் இது சின்ன வேலை மாதிரித் தெரியும். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிலீட்டருக்குக் கீழே போனா சிறுநீரகம் அடிபடுது என்று அர்த்தம். அளந்து எழுதினாத்தான் டொக்டருக்குத் தெரியும். அந்தச் சிறுநீரிலும் கிருமி இருக்கலாம், கையுறை போட்டுத்தான் தொடணும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவணும். மூச்சு வாங்குதா, இருமலில் இரத்தம் இருக்கா, பேச்சு தடுமாறுதா என்று இரவிலும் பார்க்கணும். நுரையீரலில் இரத்தம் கசிய ஆரம்பிச்சா நேரம் மிகக் குறைவு. சிலருக்கு நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டு, சுகமாயிட்டது மாதிரி இருந்து, இரண்டொரு நாளில் திரும்ப வரும். "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போறேன்" என்று அடம்பிடிக்கிறவங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்க.

இனி லயத்தில் இருக்கிற நமக்கு. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் சொன்ன அளவு மட்டும். உடம்பு வலிக்குது என்று கடையில் டிஸ்பிரினும் புரூபனும் வாங்கிப் போடாதீங்க. டெங்கானாலும் எலிக்காய்ச்சலானாலும் அது இரத்தக் கசிவையும் சிறுநீரகக் கோளாறையும் கூட்டும். தண்ணியிலும் சேற்றிலும் வேலை செய்து ஒரு மாதத்துக்குள்ளே காய்ச்சல் வந்தா இரண்டாம் நாளைத் தாண்ட விடாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. போனதும் "கும்புர" என்றோ வயல், குழி, கான் என்றோ வாயைத் திறந்து சொல்லுங்க. கர்ப்பிணித் தாய்மார் காய்ச்சலை ஒரு நாளும் வைச்சுப் பார்க்கக் கூடாது, கருவுக்கே ஆபத்து. கண் மஞ்சளானா கீழாநெல்லி தேடி ஓடுறது நம்ம வழக்கம். எங்க அம்மாவும் அரைச்சுக் கொடுத்தவங்கதான், அதனால நான் கேலி பண்ணவில்லை. ஆனா இந்தக் காமாலையில் அரைச்சுக் குடிக்கிற நாட்கள்தான் உயிரைக் கொண்டுபோகுது.

வயலுக்கோ குழிக்கோ போறவங்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் டொக்சிசைக்கிளின் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறாங்க. கிழமைக்கு ஒரு தடவை, 200 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணியோடு குடிக்கணும், குடிச்சதும் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்க மாட்டாங்க. மாத்திரை போட்டா நோயே வராது என்று உறுதி கிடையாது. காய்ச்சல் வந்தா அப்பவும் ஆஸ்பத்திரிதான். காயம் இருந்தா தண்ணி புகாதபடி கட்டிக்கொண்டு இறங்குங்க, முடிஞ்சா பூட்ஸ் போடுங்க. பூட்ஸ் போட்டுக் கொழுந்து எடுக்கிறது கஷ்டம், சறுக்கும் என்று அக்காமார் சொல்றீங்க. அது உண்மை. கான் வெட்டுற நாளிலும் பட்டி கழுவுற நாளிலுமாவது போடுங்க. அந்த நாட்களுக்குத் தோட்டமே பூட்ஸ் கொடுக்கணும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, திரும்பவும் எழுதுவேன்.

லயத்தைச் சுற்றி எலி வர்றது சோற்றுக்கு. இஸ்தோப்பில் சிந்தின சோறு, மூடாத அரிசிப் பை, கானில் கொட்டுற மீன் கழுவின தண்ணி. இதை நிறுத்தாம எலிப்பாசாணம் மட்டும் வைச்சா பத்து எலி சாகும், இருபது வரும். பாசாணத்தைப் பிள்ளைகள் எடுத்த சங்கதியும் உங்களுக்குத் தெரியும். கீழ் லயத்தில் மாட்டுப்பட்டித் தண்ணி வாசல் கானில் ஓடுது, மழை வந்தா அதே கானில் பிள்ளைகள் கப்பல் விடுறாங்க. பட்டிக் கானைத் திருப்பி விட இரண்டு ஆள் வேலை போதும். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரமதானம் வைச்சிருக்கிறோம், மண்வெட்டி நான் கொண்டு வர்றேன்.

கடைசியா, நான் செய்த தப்புக்குப் பரிகாரமாக ஒரு ஏற்பாடு. வெளியே வயலுக்கோ குழிக்கோ போறவங்க என்னிடமோ இங்கே இருக்கிற தொண்டர் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. மாத்திரை வாங்கித் தர்றதுக்கும், காய்ச்சல் வந்தா டொக்டரிடம் சொல்றதுக்கும் மட்டும்தான் அது. என்னுடைய எந்த நோட்டிலும் எழுத மாட்டேன், ஆபீசுக்கும் போகாது. பெரிய தொரையிடமும் இதைச் சொல்லி வைச்சிருக்கிறேன், அவர் மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பரிசோதகர் ஐயா இங்கே வர்றார். மாத்திரை வேணுமானவங்க அவரிடமே பேர் கொடுக்கலாம்.

அண்ணன் ஏதோ சொல்லணும் என்று கை தூக்குறார். வாங்க அண்ணே, முன்னால வாங்க. குழியில நின்னவர் நீங்க, என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நான் உட்கார்றேன்.